நாயை 'க்ரோ' பண்ண முடியாது: வாசகர் கேள்வி-பதில்

செல்லப்பிராணி வளர்க்கச் சொல்லி ஆங்கிலத்தில் கடிதமும் கட்டுரையும் எழுதுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை.

'யூ ஷுட் க்ரோ எ டாக்' என்று எழுதினேன். ஆசிரியர் சுழித்துவிட்டார். வளர்ப்பதற்கு க்ரோதானே? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

செடியை, தாடியை, நகத்தை க்ரோ பண்ணலாம். நாயை முடியாது. தமிழில் பிள்ளைக்கும் முருங்கைக்கும் மீனுக்கும் 'வளர்' ஒன்றே போதும். ஆங்கிலத்தில் அது பல சொல்லாகப் பிரிந்துவிடும். புதிதாக வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்கிறீர்களா, 'கெட் எ டாக்'. காசு கொடுத்து வாங்கினாலும், தெருவிலிருந்து தூக்கி வந்தாலும், மாமா கொடுத்தாலும் 'கெட்' பொருந்தும். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் 'ஹாவ்'. தொட்டி மீன், கோழி, புறா என்றால் 'கீப்' நன்றாக உட்காரும். குட்டியிலிருந்து ஆளாக்கியதைச் சொல்ல 'ரெய்ஸ்'. 'பை' தப்பில்லை, ஆனால் மிக்ஸி வாங்கச் சொல்வதுபோல இருக்கும்.

அடாப்ட் என்பதற்கு நடுவில் 'ஓ'வா, 'ஏ'வா?

தத்தெடுப்பதற்கு 'ஓ'. தத்தெடுத்த பூனை புது வீட்டுக்குப் பழகிக்கொள்வதற்கு 'ஏ'. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதால் வந்த குழப்பம்.

நாட்டு நாயை எடுத்து வளர்க்கச் சொல்லி எழுதுகிறேன். 'கன்ட்ரி டாக்' சரியா? சில இடங்களில் 'பரியா டாக்' என்றும் பார்த்தேன். (மதுரை வாசகர்)

'கன்ட்ரி டாக்' என்றால் வெளிநாட்டுக்காரர் கிராமத்துப் பண்ணையில் ஓடும் ஏதோ ஒரு நாயை நினைத்துக்கொள்வார். நாம் நாட்டு நாய் என்று இரண்டு வகையைச் சொல்கிறோம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் தனி இனங்கள். இவற்றுக்கு 'நேட்டிவ் ப்ரீட்' என்று போட்டு, பெயரையும் சேர்த்து எழுதுங்கள். நம் தெருமுனையில் படுத்திருக்கிறதே, அது 'இண்டி'. 'மங்க்ரல்' அகராதியில் உண்டு, ஆனால் வசவாகவும் காதில் விழும். 'ஸ்ட்ரே' என்பது ஆளில்லாமல் திரிகிற நிலைமை, இனம் அல்ல. நீங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் அது ஸ்ட்ரே இல்லை.

அப்புறம் அந்த 'பரியா'. அது நம்மிடமிருந்து போன சொல். பறையர் என்ற சாதிப் பெயரை ஐரோப்பியர் தங்கள் வாய்க்கு வந்தபடி எடுத்துக்கொண்டார்கள். சமூகம் ஒதுக்கிவைத்தவர் என்ற பொருளில் அது ஆங்கிலத்தில் நிலைத்தது, பிறகு தெருநாய்க்கும் ஒட்டிக்கொண்டது. நாய் இனங்களைப் பற்றிய புத்தகங்களில் இன்னும் அச்சாகிறது. அச்சில் இருக்கிறது என்பதற்காக, மனிதர்களின் பெயரை நாய்க்குச் சூட்டி எழுத வேண்டியதில்லை. அதுவும் தமிழ் தெரிந்த நாம். 'இண்டி' என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

நாய் நன்றியுள்ள பிராணி: 'தேங்க்ஃபுல் அனிமல்'?

பத்தாம் வகுப்பில் நானும் அப்படித்தான் எழுதினேன். ஓரத்தில் சிவப்பு மையில் 'யாருக்கு தேங்க்ஸ் சொன்னது?' என்று கேட்டிருந்தார் ஆசிரியர். 'லாயல்' அல்லது 'ஃபெய்த்ஃபுல்' போடுங்கள்.

பூனை வளர்க்கச் சொல்லி நண்பனுக்குக் கடிதம். 'யூ ஹாட் பெட்டர் கெட் எ கேட்' மரியாதையாக இருக்குமா? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், சேலம்)

'வாங்கிவிடு, இல்லாவிட்டால் பார்' என்ற மிரட்டல் அதில் ஒளிந்திருக்கிறது. 'இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் கெட் எ கேட்' என்றால் தோளில் கைபோட்டுச் சொன்ன மாதிரி இருக்கும். 'ஐ சஜெஸ்ட் யூ டு கெட்' தவறு, 'ஐ சஜெஸ்ட் கெட்டிங்' சரி. 'அட்வைஸ்' என்ற பெயர்ச்சொல்லுக்குப் பன்மை கிடையாது. எத்தனை யோசனை சொன்னாலும் 'சம் அட்வைஸ்'தான். 'மஸ்ட்' என்ற சொல்லைச் செலவழிக்காமல் ரேபீஸ் தடுப்பூசி வரும் வரிக்கு வைத்திருங்கள். அங்கே கெஞ்ச வேண்டாம்.

சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு 'லவ் பேர்ட்ஸ்' அல்லது 'பேரட்' நல்லது என்று எழுதலாமா?

நம் ஊர்க் கடையில் லவ் பேர்ட்ஸ் என்று கூண்டோடு கொடுப்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த 'பஜ்ஜி'. நம் பஜ்ஜியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், முழுப்பெயர் பஜரிகர். உண்மையான லவ்பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை. எதைச் சொல்கிறீர்களோ அதை எழுதுங்கள்.

பச்சைக்கிளிக்குப் பறவையியலார் வைத்திருக்கும் பெயர் 'ரோஸ்-ரிங்டு பாரகீட்'. பெயர் சரியானாலும் யோசனை சரியில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். அந்த வரியையே எடுத்துவிடுங்கள்.

நாய்க்குக் கருத்தடை: 'ஃபேமிலி பிளானிங் ஆபரேஷன்'?

சிரிப்பார்கள். பெண் நாய்க்கு 'ஸ்பே', ஆண் நாய்க்கு 'நியூட்டர்'. பொதுவாகச் சொல்லும்போது இரண்டுக்கும் நியூட்டர் என்றே எழுதுகிறவர்களும் உண்டு. கடந்த காலம் 'ஸ்பேய்ட்'. 'ஸ்பேடட்' என்று எழுதினால் மண்வெட்டி ஞாபகம் வரும்.