கொழும்பு மிளகும் கொல்லிமலை மிளகும்: வாசகர் கேள்வி – பதில்

இந்திய–இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28-ல் கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதனால் விவசாயத்துக்கு என்ன ஆனது என்று கேட்டு வந்த கடிதங்களை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம். மிளகு பற்றித்தான் கேள்விகள் அதிகம். பதிலிலும் மிளகுக்கே இடம் அதிகம்.

கேள்வி: ஒப்பந்தம் போட்டுவிட்டால் எல்லாப் பொருளுக்கும் வரி போய்விடுமா? (கல்லூரி மாணவி, மதுரை)

போகாது. ஒவ்வொரு நாடும் ‘இதைத் தொடாதே’ என்று ஒரு விலக்குப் பட்டியல் வைத்துக்கொள்ளும். இந்த ஒப்பந்தத்தில் இந்தியா தொடக்கத்தில் வைத்தது 429 வகைகள். இலங்கை வைத்தது 1,180. இலங்கை தன் விவசாயப் பொருள்களில் பெரும்பகுதியை அந்தப் பட்டியலுக்குள் பூட்டிக்கொண்டது.

விலக்கும் இல்லாமல் முழுச் சலுகையும் இல்லாமல் நடுவில் நிற்கும் பொருள்கள் சில உண்டு. அவற்றுக்குச் சலுகை உண்டு, ஆனால் ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஒதுக்கீடும் உண்டு. இலங்கையிலிருந்து இந்தியா வரும் தேயிலைக்கு 1.5 கோடி கிலோ, மிளகுக்கு 2,500 டன். விவசாயி பார்க்க வேண்டியது கையெழுத்து விழாச் செய்தியை அல்ல, வரி அட்டவணையை. அதில் பொருளைப் பெயரால் தேடாதீர்கள், சுங்கத்தில் ஒவ்வொரு பொருள் வகைக்கும் தரும் எச்.எஸ். எண்ணால் தேடுங்கள். முழு மிளகு 0904.11, மிளகுத் தூள் 0904.12. கடைசி இரண்டு இலக்கம் மாறினால் சில ஒப்பந்தங்களில் வரியே மாறிவிடும்.

கேள்வி: ஆண்டுக்கு 2,500 டன் என்பது நம் நாட்டு விளைச்சலில் சிறு பங்குதானே? அதற்கு ஏன் மிளகு விலை ஆட்டம் காண்கிறது? கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகு உள்ளே வரக்கூடாது என்று அரசு போட்ட உத்தரவு என்ன ஆனது? (மிளகு விவசாயி, கொல்லிமலை)

முதலில் இறக்குமதியாளர் போடும் கணக்கைப் பாருங்கள். நம் துறைமுகம் வந்து சேரும் விலை, அதாவது சரக்கு, காப்பீடு, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலை, கிலோ 550 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி.யை விட்டுவிடலாம்.

எந்தச் சலுகையும் இல்லாமல் வந்தால் 70 சதவீத அடிப்படை வரி. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நல மேல்வரி. ஆக 77 சதவீதம். அடக்கம் 973 ரூபாய் 50 காசு. வியட்நாம் மிளகு தென்கிழக்காசிய நாடுகளுக்கான ஆசியான் ஒப்பந்தத்தின் கீழ் வந்தால் அடிப்படை வரி 50 சதவீதம், அடக்கம் 852 ரூபாய் 50 காசு. இலங்கை மிளகு ஒதுக்கீட்டுக்குள் வந்தால் வரியே இல்லை, அடக்கம் அதே 550. ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் கதவு மூடிவிடும் என்று நினைக்கிறோம். மூடுவதில்லை. தெற்காசிய நாடுகளுக்கான சாஃப்டா ஒப்பந்தத்தின் கீழ் 8 சதவீத வரி கட்டிக் கொண்டுவரலாம். மேல்வரியும் சேர்த்து அடக்கம் 598 ரூபாய் 40 காசு. 2,500 டன் என்பது வரியில்லா மிளகுக்கான எல்லை மட்டுமே, இலங்கை மிளகு மொத்தத்துக்குமான எல்லை ஆகாது. விவாதங்களில் இந்த இரண்டாம் கதவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது நீங்கள் கேட்ட உத்தரவு. 2017 டிசம்பரில் சி.ஐ.எஃப். விலை கிலோவுக்குக் குறைந்தது 500 ரூபாய் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு நிர்ணயித்தது. அதற்குக் குறைந்த மிளகை 2018-ல் தடை செய்யப்பட்ட இறக்குமதி என்றே அறிவித்தது. ஆனால் இந்த வேலிக்கு வலு கொடுப்பது வரிதான்.

உண்மையான விலை 400 ரூபாய் உள்ள மிளகை 500 என்று பில் போட்டுக் கொண்டுவருகிறார் ஒருவர். 77 சதவீத வரி கட்டுபவர் என்றால், கூட்டிக் காட்டிய 100 ரூபாய்க்கு 77 ரூபாய் வரி அழுதாக வேண்டும். யாரும் அதைச் செய்யமாட்டார்கள். சாஃப்டா வழி வருபவருக்கு அதே பொய் 8 ரூபாய் 80 காசில் முடிந்துவிடும். ஒதுக்கீட்டுக்குள் வருபவருக்கு 5 ரூபாய் ஜி.எஸ்.டி. மட்டும்தான், அதையும் பின்னால் விற்கும்போது கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். மிகையாக அனுப்பிய 100 ரூபாய் வேறு வழியில் திரும்பி வந்துவிடும். பில்லில் 500, சந்தையில் 450 என்று இறக்குமதி மிளகு விற்பனைக்கு வந்தால் அதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கக்கூடும். வருவாய்ப் புலனாய்வுத் துறைக்குப் புகார் எழுதும்போது ‘வெளிநாட்டு மிளகு வருகிறது’ என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த மண்டியில், எந்தத் தேதியில், அடக்கத்துக்குக் கீழே எந்த விலையில் விற்றார்கள் என்று எழுதினால்தான் ஆய்வாளருக்குப் பிடி கிடைக்கும்.

இன்னொன்று. 500 ரூபாய் என்பது நிலையான எண். உள்ளூர் விலை 600, 700 என்று ஏறிய ஆண்டுகளில் அந்த வேலி இருந்தும் பயனில்லை.

உங்கள் கையில் இருப்பது தரம் பிரிப்பு. இலங்கை மிளகில் காரச்சத்தான பைப்பரின் அதிகம். அதனால் கொச்சிப் பக்கத்து மிளகுச்சாறு எடுக்கும் ஆலைகள் அதை விரும்பி வாங்குகின்றன. அந்த ஆலைகளுக்கு மணியின் பருமன் ஒரு பொருட்டில்லை. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியிலிருந்து பறித்ததை எல்லாம் ஒரே மூட்டையில் கட்டி விற்றால், நீங்கள் நேராக அந்த இறக்குமதிச் சரக்கோடுதான் மோதுகிறீர்கள். சல்லடையில் சலித்துப் பருமணியைத் தனியே எடுத்தால் அதற்கு ஆள் வேறு. முற்றிய கதிரை உதிர்த்து, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து உலர்த்துங்கள். நிறம் சீராகக் கறுக்கும், காய்வதும் விரைவாகும். ஈரப்பதம் 11 சதவீதத்துக்குள் இல்லாவிட்டால் இருப்பு வைக்கவே வேண்டாம். பூஞ்சை பிடித்த மிளகை எந்த ஒப்பந்தமும் காப்பாற்றாது.

கேள்வி: வியட்நாம் மிளகை இலங்கையில் இறக்கி, சாக்கை மாற்றி, இலங்கை மிளகு என்று அனுப்புவதாகச் சொல்கிறார்களே, சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறதா? (வாசகர், போடிநாயக்கனூர்)

கொடுக்கவில்லை. விளைபொருளுக்கு விதி கறாரானது: அந்த நாட்டு மண்ணிலேயே விளைந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த மூலப்பொருளைக் கொண்டு செய்த சரக்கு என்றால், ஏற்றுமதி விலையில் குறைந்தது 35 சதவீதம் உள்நாட்டில் சேர்ந்த மதிப்பாக இருக்க வேண்டும். எச்.எஸ். எண்ணின் முதல் நான்கு இலக்கமும் மாற வேண்டும். வியட்நாம் மிளகைச் சுத்தம் செய்தாலும், உலர்த்தினாலும், அரைத்தே அனுப்பினாலும் 0904 என்பது 0904-ஆகவே நிற்கும். எனவே சாக்கு மாற்றும் வேலைக்குத் தேவைப்படுவது பொய்யான பிறப்பிடச் சான்றிதழ். விதியில் ஓட்டை இல்லை, சரிபார்ப்பில்தான் ஓட்டை. 2017 கடைசியில் இலங்கை அரசே மிளகு, பாக்கு முதலியவற்றை மறு ஏற்றுமதிக்காக இறக்குமதி செய்வதைத் தடை செய்தது.

விதியிலேயே ஓட்டை இருந்த கதை வனஸ்பதி. இந்தியாவில் கச்சாப் பாமாயிலுக்கு வரி அதிகம், இலங்கையில் மிகக் குறைவு. சில தொழில்முனைவோர் இலங்கையில் ஆலை போட்டார்கள். மலேசியா, இந்தோனேசியா பாமாயிலை வாங்கி, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பாமாயில் 1511, வனஸ்பதி 1516. நான்கு இலக்கம் மாறிவிட்டது, 35 சதவீதமும் காகிதத்தில் நிறைந்துவிட்டது. சட்டப்படி குற்றமில்லை. இங்கே அடி விழுந்தது எண்ணெய் வித்து விலைக்கும் உள்ளூர் ஆலைக்கும். பிறகு இந்தியா ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று எல்லை கட்டியது, அந்த ஆலைகளும் சுருண்டன. விளைபொருளை மட்டும் பார்த்து மூலப்பொருள் வரியைப் பார்க்காமல் ஒப்பந்தம் போட்டால் இப்படித்தான் ஆகும்.

கேள்வி: எங்கள் மிளகுக்கு இந்தியாதான் பெரிய சந்தை. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது 500 ரூபாய் என்று தடை போடலாமா? (மிளகுச் செய்கையாளர், மாத்தளை)

நியாயமான கேள்வி. ஒப்பந்தம் கட்டுப்படுத்துவது முக்கியமாக வரியை. குறைந்தபட்ச இறக்குமதி விலை வரி இல்லை என்பது இந்தியத் தரப்பின் பிடி. ஆனால் உலக வர்த்தக அமைப்பின் விவசாய உடன்பாடு, 4.2-ஆம் பிரிவின் அடிக்குறிப்பில் ‘குறைந்தபட்ச இறக்குமதி விலை’ என்று பெயர் சொல்லியே அதைக் கைவிட வேண்டிய முறைகளில் சேர்த்திருக்கிறது. சட்டத்தில் உங்கள் பக்கம் வலு உண்டு. அங்கே வழக்குத் தொடுப்பது அரசின் வேலை, முடிய ஆண்டுகள் ஆகும்.

அதுவரை செய்யக்கூடியது, ஒரே வாங்குநரை நம்பாமல் இருப்பது. ஏற்றுமதியாளர் உங்களிடம் லிட்டர் எடை, அதாவது ஒரு லிட்டர் அளவு மிளகு எத்தனை கிராம் என்று, கேட்பார். லிட்டருக்கு 500 கிராமுக்குக் கீழே நிற்கும் மிளகு பெரும்பாலும் சாறு எடுக்கும் ஆலைக்கே போகும், அதாவது பெரும்பாலும் இந்தியாவுக்கு. 550 தொட்டால் வேறு நாட்டுச் சந்தைகளும் திறக்கும். இளங்காயாகப் பறிப்பதே எடை குறையக் காரணம். கதிரில் ஒன்றிரண்டு மணி சிவக்கும்வரை பொறுங்கள். திருட்டுப் பயத்தில் முன்கூட்டிப் பறிக்கிறார்கள் என்பது தெரியும். அதற்கு விலை கொடுப்பதும் நீங்கள்தான்.

கேள்வி: பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் போனதற்கு இலங்கைத் தேயிலை காரணமா? (சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி)

பெரிய காரணம் அது இல்லை. 1.5 கோடி கிலோ ஒதுக்கீடு என்பது இந்திய உற்பத்தியான சுமார் 130 கோடி கிலோவில் ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகம். அந்த ஒதுக்கீட்டிலும் சிறு பகுதியே பயன்பட்டு வந்திருக்கிறது, ஏனென்றால் இலங்கைத் தேயிலை ஏலத்திலேயே நம்முடையதைவிட விலை கூடியது. உங்கள் இலை விலையைத் தீர்மானிப்பது குன்னூர் ஏலத்தில் தூளுக்குக் கிடைக்கும் விலையும், அதில் விவசாயிக்கு 65, ஆலைக்கு 35 என்ற பங்கீட்டுக் கணக்கும்தான். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் இலை விலையை உங்கள் ஆலை உண்மையில் கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: இந்திய வெங்காயம், உருளைக்கிழங்கு வந்து எங்கள் அறுவடை விலை விழுகிறது. இந்த ஒப்பந்தத்தை ரத்துச் செய்தால் தீருமா? (கமக்காரர், யாழ்ப்பாணம்)

தீராது. 1970-களின் முற்பாதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலில் யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும் கொழித்தன. 1977-ல் சந்தை திறந்ததும் அந்தக் காலம் போயிற்று. ஒப்பந்தம் வந்ததோ 2000-ல். வெங்காயம், கிழங்கு இறக்குமதிக்கு இன்று உங்கள் நாட்டில் கடிவாளம், 2007-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கச் சட்டப்படியான விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்ற இறக்குமதி வரி. அதை வர்த்தமானி (அரசிதழ்) மூலம் ஒரே இரவில் கூட்டலாம், குறைக்கலாம். உங்கள் சங்கம் மனுக் கொடுக்க வேண்டியது அறுவடைக்கு இரண்டு மாதம் முன்பே. கிழங்கு கிண்டிய பிறகு அறவீடு கூடினால் லாபம் களஞ்சியக்காரருக்கு.

மறுபுறமும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது ஒப்பந்தம் இலங்கைக்குக் கைகொடுக்கவில்லை. 2024 ஏப்ரலில் 10,000 டன் தனி அனுமதியாகவே கிடைத்தது.

கேள்வி: ஆஸ்திரேலியா ஒப்பந்தத்தால் நம் பருத்திக்கு ஆபத்தா? (வாசகர், ராஜபாளையம்)

2022 டிசம்பர் 29-ல் நடப்புக்கு வந்த அந்த ஒப்பந்தம் ஆண்டுக்கு 51,000 டன்னுக்கு வரி விலக்கு தருகிறது. 170 கிலோ பேல் கணக்கில் 3 லட்சம் பேல். இந்திய விளைச்சல் 300 லட்சம் பேலை ஒட்டியது. 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை எல்லா நாட்டுப் பருத்திக்கும் 11 சதவீத வரியை மத்திய அரசே எடுத்துவிட்டதே, அதற்கு எந்த ஒப்பந்தமும் தேவைப்படவில்லை. அறுவடை நேரத்தில் வந்த அந்த ஒற்றை அறிவிப்பு இந்த 3 லட்சம் பேலைவிடப் பெரிய விஷயம்.

கேள்வி: இலங்கையிலிருந்து மசாலாப் பொருள் கொண்டுவர நினைக்கிறேன். சான்றிதழ் இருந்தால் சலுகை நிச்சயம்தானே? (புதிய இறக்குமதியாளர், தூத்துக்குடி)

2020 செப்டம்பர் 21 வரை ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அன்று முதல், சலுகை கேட்கும் சரக்கின் பிறப்பிடத்தைச் சரிபார்க்கும் கரோட்டார் என்ற சுங்க விதிகள் நடப்பில் உள்ளன. வியாபாரிகள் சி.ஓ.ஓ. என்று சொல்லும் பிறப்பிடச் சான்றிதழோடு, சரக்கு அங்கே எப்படி விளைந்தது, மதிப்பு எப்படிச் சேர்ந்தது என்ற விவரத்தையும் முதல் படிவத்தில் நீங்களே வைத்திருக்க வேண்டும். சுங்கத் துறை கேட்டால் 10 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஆவணங்களை 5 ஆண்டு காக்க வேண்டும். ‘விற்றவருக்குத்தான் தெரியும்’ என்ற பதில் செல்லாது. ஆகவே பணம் அனுப்பும் முன்பே, தோட்டம் அல்லது கொள்முதல் விவரத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நடைமுறையில் சலுகை பறிபோவது பெரும்பாலும் சின்னத் தவறுகளால். சான்றிதழிலும் பில்லிலும் எச்.எஸ். எண் வேறாக இருக்கும். பில் எண்ணோ தேதியோ பொருந்தாது. எடை மொத்தமா நிகரமா என்பதில் குழப்பம் இருக்கும். கொழும்பிலிருந்து நேரே வராமல் வேறு துறைமுகம் சுற்றி வந்த சரக்குக்கு, அது அங்கே சுங்கக் கண்காணிப்பிலேயே இருந்தது என்ற ஆதாரம் இருக்காது. இலங்கையில் சான்றிதழ் தருவது வர்த்தகத் திணைக்களம். வரைவுப் பிரதியை உங்கள் சுங்க முகவர் ஒரு முறை பார்த்த பிறகே கப்பலில் ஏற்றச் சொல்லுங்கள். மிளகு என்றால் கூடவே 500 ரூபாய் வரம்பு, பாக்கு என்றால் 351 ரூபாய். சி.ஐ.எஃப். விலை அதற்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் சான்றிதழ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரக்கு துறைமுகத்தில் நின்றுவிடும், வாடகை உங்கள் கணக்கில் ஓடும்.