தாத்தாவுக்குப் பக்கத்தில் நிற்பது சார்ஜண்ட் நாயா?

கேள்வி: என் தாத்தா 1960-களின் தொடக்கத்தில் பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தில் கெபுன் (தோட்டக்காரர்) வேலை பார்த்தவர். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. தாத்தா, ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய், நடுவில் ஒரு நாய். நாயின் கழுத்தில் மெடல் தொங்குகிறது. அது சார்ஜண்ட் பதவியில் இருந்த நாய், காட்டில் கம்யூனிஸ்ட்டுகளைப் பிடித்து மெடல் வாங்கியது, துரை ஊருக்குப் போகும்போது தாத்தாவிடம் விட்டுப் போனார் என்று வீட்டில் சொல்வார்கள். பாட்டியின் 85-ஆவது பிறந்தநாளுக்குப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுக்கப் போகிறோம். கீழே என்ன எழுதலாம்? நாயின் பெயரையாவது கண்டுபிடிக்க முடியுமா? (ஒரு வாசகி, பிறை)

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ராணுவ வேலை நாய் இல்லை, பதவி பெற்ற நாயும் இல்லை. முகாமில் யாரோ ஆசையாக வளர்த்த நாய். சார்ஜண்ட் என்பது அநேகமாகச் சிப்பாய்கள் வைத்த செல்லப் பட்டம். மெடல் என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் நாய் லைசென்ஸ் தகடு. துரை விட்டுப் போனார் என்ற கடைசிப் பகுதியை மட்டும் நான் அப்படியே நம்புகிறேன்.

பட்டாளத்தில் நாய்க்கு மூன்று விதமான இடம் இருந்தது. வேலை நாய், படைப்பிரிவின் சின்னமாக அணிவகுப்பில் நடக்கும் மாஸ்கட் நாய், இந்த இரண்டிலும் சேராமல் சமையல்கூடத்துப் பக்கம் ஒட்டிக்கொண்டு வளர்ந்த நாய். முதல் இரண்டுக்கும் காகிதம் உண்டு, மூன்றாவதற்குக் கிடையாது. பழைய படத்தை வைத்துத் தேடுகிறவர்கள் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். வேலை நாய்க்கான ஆவணத்தைச் செல்ல நாய்க்குத் தேடினால் வருடக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கலாம், ஒன்றும் வராது.

வேலை நாயைப் படத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? கயிற்றைப் பாருங்கள். தடம் பிடிக்கும் நாயை வேலையில் இறக்கும்போது மார்பைச் சுற்றி ஒரு வார்ப்பட்டை மாட்டி, அதிலிருந்து நீளக் கயிறு விடுவார்கள். பட்டையை மாட்டியதுமே வேலை நேரம் வந்துவிட்டது என்று நாய்க்குத் தெரிந்துவிடும். காவல் நாய்க்கு அகலமான தோல் கழுத்துப்பட்டை, குட்டையான வார், பிடித்திருப்பவர் எப்போதும் அதன் பொறுப்பாளர். விமானப்படைப் போலீஸ் என்றால் பிரிட்டிஷ்காரர்களின் தொப்பி மேல்பாகம் வெள்ளையாக இருக்கும், கறுப்பு வெள்ளைப் படத்திலும் பளிச்சென்று தெரியும். உங்கள் படத்தில் சிப்பாய்க்குத் தொப்பியும் இல்லை, சட்டையும் இல்லை, காலில் செருப்பு. நாயின் கழுத்தில் மெல்லிய பட்டை, அதில் சணல் கயிறு. கயிற்றின் மறுமுனை தாத்தாவின் கையில்.

எனக்கு முக்கியமாகப் பட்டது தாத்தாவின் இன்னொரு கை. அது நாயின் தலைமேல் இருக்கிறது, நாய் அவர் முழங்காலில் சாய்ந்து நிற்கிறது. காவல் நாயை அதன் பொறுப்பாளர் தவிர வேறு யாரும் தடவவோ, சோறு போடவோ விடமாட்டார்கள். அப்படி எல்லோரோடும் பழகிவிட்டால் அந்த நாய் காவலுக்கு உதவாது. தோட்டக்காரர் காலில் சாயும் நாய் காவல் நாயாக இருக்க வழியில்லை. இடது காது மடிந்திருக்கிறது, வால் முதுகுக்கு மேல் சுருண்டிருக்கிறது. காவலுக்கு வைக்கும் அல்சேஷன் (ஜெர்மன் ஷெப்பர்ட்) நாயின் வால் அப்படிச் சுருளாது. அப்பனோ ஆத்தாளோ ஏதோ ஒரு பக்கம் நம்ம கம்பத்து (கிராமத்து) நாய்தான்.

சரி, காட்டுக்குப் போய் மெடல் வாங்கிய நாய் என்ற கதை எங்கிருந்து வந்தது? வெறும் காற்றிலிருந்து வந்ததல்ல. 1948 முதல் 1960 வரை கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக நடந்த அவசரகாலத்தில் பிரிட்டிஷ் படை மலாயாக் காடுகளில் நாய்களை உண்மையிலேயே பயன்படுத்தியது. சரவாக்கிலிருந்து வந்த இபான் தடம் பார்ப்பவர்களோடு நாய்களும் போயின. அவற்றில் நான்கின் பெயர் வரலாற்றில் நிற்கிறது: பாபி, ஜாஸ்பர், லாஸி, லக்கி. பிரிட்டிஷ் விமானப்படைப் போலீஸைச் சேர்ந்த இந்த நான்கும் 1949 முதல் 1952 வரை போலீசோடும் கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ், கூர்க்கா போன்ற படைகளோடும் சேர்ந்து காட்டில் தேடுதல் வேட்டைக்குப் போயின. திரும்பி வந்தது லக்கி ஒன்றுதான். பிரிட்டனில் விலங்குகளின் வீரத்துக்காக 1943-இல் ஏற்படுத்திய டிக்கின் பதக்கத்தை இந்த நான்கின் சார்பில் லக்கிக்கு அறிவித்தார்கள். எப்போது தெரியுமா? 2007-இல். நாய்கள் இறந்து அரை நூற்றாண்டு ஆன பிறகு.

இந்த ஆண்டைக் கவனியுங்கள். உங்கள் தாத்தா 1960-களிலேயே மெடல் கதையைச் சொல்லியிருந்தால், அவர் சொன்னது இந்தப் பதக்கமாக இருக்க முடியாது. பதக்கம் பெற்ற விலங்குகளின் பட்டியலை அதை வழங்கும் பிடிஎஸ்ஏ என்ற அமைப்பு வெளியிட்டிருக்கிறது, இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். 'எங்கள் நாய் மெடல் வாங்கியது' என்று சொல்லும் யாரும் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

நம்ம பக்கத்து உண்ணி படை நாய்களை என்ன பாடு படுத்தியது என்பது தனிக்கதை.  1960-களில் சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் படை நாய்களுக்கு மூக்கில் இரத்தம் வடிந்து சாகும் ஒரு நோய் வந்தது. பிறகு வியட்நாமில் அமெரிக்க ராணுவ நாய்களை அது கூட்டம் கூட்டமாகக் கொன்றது. உண்ணி கடித்துப் பரவும் அந்தக் காய்ச்சலைப் பினாங்கு மிருக வைத்தியர்கள் இன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். உள்ளூர்க் கலப்பு நாய்கள் அதைத் தாங்கின அளவுக்குச் சீமை நாய்கள் தாங்கவில்லை.

அடுத்தது சார்ஜண்ட் பதவி. மாஸ்கட் நாய்க்குப் பதவி கொடுக்கும் வழக்கம் உண்மையில் உண்டு. பிரிட்டனின் ஐரிஷ் கார்ட்ஸ் படை 1902 முதல் ஒரு பெரிய வுல்ஃப்ஹவுண்ட் நாயை அணிவகுப்பின் முன்னால் நடத்திக்கொண்டு வருகிறது. தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ் டவுன் துறைமுகத்தில் ஜஸ்ட் நியூசன்ஸ் என்ற கிரேட் டேன் நாயைப் பிரிட்டிஷ் கடற்படை 1939-இல் முறைப்படி ஆளெடுத்தது. காரணம் வேடிக்கையானது: அது மாலுமிகளோடு ரயிலேறித் தொந்தரவு கொடுத்ததாக ரயில்வே புகார் செய்துகொண்டே இருந்தது, படையில் சேர்த்துவிட்டால் இலவசப் பயணம் கிடைக்கும். பாரத்தில் தொழில் என்ற இடத்தில் 'எலும்பு நொறுக்கி' என்று எழுதினார்களாம். ஆனால் எல்லாப் பதவியும் இப்படிக் காகிதத்தில் ஏறியதில்லை. முதல் உலகப் போரின் புகழ்பெற்ற அமெரிக்க நாய் ஸ்டபியை உலகமே சார்ஜண்ட் ஸ்டபி என்றுதான் சொல்கிறது, அந்தப் பதவியைக் கொடுத்ததற்கான ராணுவ ஆவணம் கிடையாது. உங்கள் வீட்டு நாயும் அந்த வகைதான் என்பது என் கணிப்பு. முறையான மாஸ்கட்டாக இருந்திருந்தால் மேலே அங்கி, அதில் படைச்சின்னம், பக்கத்தில் மடிப்புக் கலையாத சீருடையில் ஒருவர் என்று படமே வேறு மாதிரி இருந்திருக்கும். துணி காயும் கொடிக்கு முன்னால் நிறுத்தி எடுத்திருக்க மாட்டார்கள்.

இனி நான் நம்பும் பகுதி. பட்டர்வொர்த் தளம் 1941-இல் பிரிட்டிஷாரின் தளமாகத் திறந்தது. 1950-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலிய விமானப்படையிடம் போய், 1988-இல் மலேசிய விமானப்படைக்கு வந்தது. தாத்தா வேலை பார்த்த காலத்தில் அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியர்கள். படத்தில் இருப்பவரும் பெரும்பாலும் ஆஸ்திரேலியர்தான், ஆகவே இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். அவர்களின் குடும்பங்கள் பினாங்குத் தீவில் தஞ்சோங் பூங்கா, தஞ்சோங் தோக்கோங் பக்கம் வீடெடுத்துத் தங்கின, பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிக்கூடமே இருந்தது. வீட்டுக்கு ஆமா என்ற பணிப்பெண், தோட்டத்துக்குக் கெபுன், பிள்ளைகளுக்கு ஒரு நாய். இரண்டு மூன்று வருடத்தில் மாற்றல் வரும், நாய் என்ன ஆகும்?

கூட்டிப் போவது சுலபமில்லை. அந்தக் காலத்தில் பிரிட்டனுக்குப் போனால் நாய்க்கு ஆறு மாதம் தனிமைப்படுத்தல். ஜப்பானியரின் போர்க்கைதியாக சுமத்ரா முகாமில் பதிவான ஜூடி என்ற நாய்கூட, 1945-இல் கப்பலில் ஒளித்துக் கொண்டுபோகப்பட்டு, அந்த ஆறு மாதத்தைக் கழித்த பிறகே 1946-இல் டிக்கின் பதக்கம் வாங்கியது. ஆஸ்திரேலியாவின் விதிகள் அதைவிடக் கறார். வியட்நாம் போரில் ஆஸ்திரேலியப் படைக்காகத் தடம் பிடித்த 11 நாய்களில் ஒன்றுகூட ஊர் திரும்பவில்லை. உயிரோடு இருந்தவற்றை அங்கிருந்தவர்களிடம் கொடுத்துவிட்டுத்தான் படை கிளம்பியது. அரசாங்கத்தின் வேலை நாய்க்கே அந்தக் கதி என்றால், சிப்பாயின் செல்ல நாய்க்குக் கேட்கவே வேண்டாம். சோறு போட்டுப் பழகிய ஆமாவிடமோ கெபுனிடமோ சமையல்காரரிடமோ கயிற்றைக் கொடுப்பார்கள். கயிறு யார் கையில் இருக்கிறது என்று படத்தை இன்னொரு தரம் பாருங்கள். எனக்கென்னவோ இது வழியனுப்பும் நாளில் எடுத்த படம் என்று தோன்றுகிறது, சத்தியம் செய்ய மாட்டேன்.

தகட்டுக்கு வருவோம். அந்தக் காலத்தில் நாய்க்கு லைசென்ஸ் எடுத்தால் எண் பொறித்த உலோகத் தகடு கொடுப்பார்கள், அதைக் கழுத்துப்பட்டையில் தொங்கவிட வேண்டும். தகடில்லாமல் தெருவில் திரிந்தால் சுட்டுவிடுவார்கள். வெறிநாய்க்கடி பயம் அப்படி. நீங்கள் அனுப்பியது கைத்தொலைபேசியில் எடுத்த நகல், அதில் எழுத்து தெரியவில்லை. மூலப்படத்தை ஸ்கேனரில் 1200 டிபிஐ வைத்து, ஜேபெக் வேண்டாம், டிஃப் கோப்பாக எடுங்கள். தகடு இருக்கும் இடத்தை மட்டும் பெரிதாக்கி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஊர்ப் பெயரோ ஆண்டோ தெரிந்தால் படத்துக்குத் தேதியே கிடைத்த மாதிரி. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுத் 'தெளிவாக்க' வேண்டாம். இல்லாத எழுத்தை அது அழகாக எழுதிக் கொடுத்துவிடும்.

படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பென்சில் எழுத்து, கடை முத்திரை, காகிதக் கம்பெனியின் பெயர் எது இருந்தாலும் உதவும். ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். தாத்தாவின் வேலைச் சான்றிதழ், முகாம் பாஸ் இரண்டையும் டிரங்குப் பெட்டியில் தேடிப் பாருங்கள். முதலாளியோ பிரிவோ அதில் இருக்கும், சிப்பாயைத் தேட அதுதான் பிடி. கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் படத் தொகுப்பை வீட்டிலிருந்தே தேடலாம், பட்டர்வொர்த் என்று தட்டுங்கள். பட்டர்வொர்த்திலும் பினாங்கிலும் பிள்ளைப் பருவத்தைக் கழித்த ஆஸ்திரேலியர்கள் இப்போது எழுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள், பழைய படங்களைப் பகிர்வதில் அவர்களுக்கு அலாதி ஆசை. நாயின் பெயர் எங்கிருந்தாவது வருமென்றால் அவர்களிடமிருந்து வரும். இன்னொரு வாசகருக்கும் இதே போலக் கேள்வி இருந்து, படம் குளுகோர் மிண்டன் முகாமில் எடுத்தது என்றால், அது இப்போதைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகம். அங்கே 1955-இல் வந்து தங்கியது ஆஸ்திரேலியக் காலாட்படை, தேட வேண்டியது விமானப்படைக் கோப்பில் அல்ல.

இதையெல்லாம் விடப் பெரிய ஆவணம் உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. பாட்டியிடம் கேளுங்கள். ஆனால் 'அது சார்ஜண்ட்தானே பாட்டி?' என்று கேட்காதீர்கள், 'ஆமாம்மா' என்றுதான் சொல்வார். தாத்தா அதை எப்படிக் கூப்பிடுவார், என்ன சாப்பிடும், எங்கே படுக்கும், பாட்டி கல்யாணமாகி வந்தபோது அது வீட்டில் இருந்ததா, எப்படிச் செத்தது என்று கேளுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். வெள்ளைக்காரப் பெயர் நம் வாயில் திரிந்திருக்கும், ரெக்ஸ் ரெக்கன் ஆகியிருக்கலாம். பாட்டி சொல்வதைச் சொன்ன மாதிரியே எழுதுங்கள்.

சட்டத்தின் கீழே என்ன எழுதலாம்? தாத்தாவின் பெயர், 'பட்டர்வொர்த் விமானத் தளம், 1960-களின் தொடக்கம்', பாட்டி சொன்ன நாயின் பெயர். அடுத்த வரியில், 'முகாமில் வளர்ந்து, சிப்பாய் ஊர் திரும்பியபோது தாத்தாவிடம் வந்த நாய், குடும்பத்தார் சொல்வது' என்று போடுங்கள். சார்ஜண்ட் கதையை விட மனசில்லை என்றால் 'சார்ஜண்ட் என்று அழைக்கப்பட்டது' என எழுதலாம், பதவி பெற்றது என எழுத வேண்டாம். மெடலை விட்டுவிடுங்கள்.

சட்டத்துக்குள் நகலைப் போடுங்கள். பினாங்குப் புழுக்கத்தில் கண்ணாடியோடு ஒட்டிய பழைய படத்தைப் பிரித்தெடுக்க முடியாது. மூலப்படத்தை அமிலமில்லாத தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு மூடிய டப்பாவில் வையுங்கள். டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டை கிடந்தால் இந்த டப்பாவை அதில் வைக்க வேண்டாம்.