புல்லுக்கு அடியில் ஒரு ஊர் இருந்தது எப்படித் தெரிகிறது?

இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியில் இருக்கும் வாரம் பெர்சி (Wharram Percy), ‘கைவிடப்பட்ட இடைக்காலக் கிராமம்’. அதாவது, காலியாகிப் புல் மூடிய ஊர். கூரையில்லாத தேவாலயம் மட்டும் இன்னும் நிற்கிறது.

சரி, வீடுகள் இருந்த இடம் எப்படித் தெரிகிறது? மக்கள் போன பிறகு அங்கே செம்மறி ஆடுகள் மேய்ந்தன, ஏர் ஓடவில்லை. அதனால் சுவர்களின் அடித்தளம் மேடாகவும் தெரு பள்ளமாகவும் தங்கிவிட்டன. சாமான்கள் மேல் போர்வையை விரித்தாலும் உருவம் தெரியுமே, அதேதான். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது நிழலே ஊரின் வரைபடத்தைக் காட்டிவிடும். அப்புறம் தேவாலய வளாகத்தில் தோண்டியதில் கிட்டத்தட்ட 700 எலும்புக்கூடுகள் கிடைத்தன.

கொள்ளைநோய்தான் ஊரைக் காலிசெய்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1348–49-இல் வந்த அந்த நோய்க்குப் பிறகும் ஊர் இருந்தது, கடைசிக் குடும்பங்கள் 1500 வாக்கில் ஆட்டு மேய்ச்சலுக்காக வெளியேற்றப்பட்டன.