விற்காமல் நின்ற டர்போ ஸ்லெட்: வாங்கலாமா, எதைப் பார்க்க வேண்டும்?

போன வருட, முந்தின வருட மாடல் மலை ஸ்னோமொபைல்கள் (பனியில் ஓடும் வண்டிகள், ஸ்லெட் என்றும் சொல்வோம்), டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி பொருத்தியவை, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் டீலரிடம் நிற்கின்றன, விலையும் இறங்கியிருக்கிறது. அவற்றைப் பற்றி இந்த வாரம் வந்த கேள்விகள் இவை. பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் பத்து குளிர்காலம் ஓட்டியும் பிரித்துப் பூட்டியும் பழகிய அளவில் பதில் சொல்கிறேன்.

கால்கரியிலிருந்து: அண்ணா, டர்போவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தகுமா?

எந்த உயரத்தில் ஓட்டுவீர்கள் தம்பி? அதுதான் கணக்கு. ஆயிரம் அடி ஏற ஏறச் சாதாரண எஞ்சின் சுமார் 3 சதவீத வலுவை இழக்கும். 165 குதிரைத்திறன் உள்ள 850 சிசி எஞ்சின், பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் ஊர் மலைகள் பக்கம் 6,500 அடிக்குப் போகும்போது 130 சொச்சம்தான் தரும். ஸ்கி-டூ கம்பெனி 2020 மாடலில் கொண்டுவந்த டர்போ அதே 165-ஐ 8,000 அடி வரை விடாமல் தந்தது. போலாரிஸ் கம்பெனியின் டர்போ எஞ்சினான பேட்ரியட் பூஸ்ட் 2022 மாடலில் வந்தது. உயர மலைக்குப் போகிறவருக்குத் தாராளமாகத் தகும். அடிவாரக் காட்டுப் பாதைதான் என்றால் வேண்டாம்.

எட்மன்டன்: வண்டி இரண்டு வருடம் ஷோரூமில் நின்றிருக்கிறது. புதுசு என்று நம்பலாமா?

ஓடாத வண்டிதான், ஆனால் நின்ற வண்டி. முதலில் சேசி எண்ணைக் கொடுத்து, அதற்கு வந்த ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைப்பது) எல்லாம் செய்து முடிந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். போலாரிஸ் என்றால் இதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். 2022 டிசம்பரில் பெட்ரோல் டாங்க் பிரச்சினைக்காக, பல வருட மாடல்களை ஓட்டவே வேண்டாம் என்று கம்பெனியே அறிவித்தது. வாரண்டி நீங்கள் வாங்கும் நாளிலிருந்து தொடங்குகிறதா என்பதும் பில்லிலேயே இருக்கட்டும்.

அப்புறம் எலி. நான் வாங்கிய இப்படி ஒரு வண்டியில் ஏர்பாக்ஸை (எஞ்சினுக்குக் காற்று போகும் பெட்டி) திறந்தால், கடித்துக் குதறிய பஞ்சு ஒரு கைப்பிடி வந்தது. அதோடு ஸ்டார்ட் செய்திருந்தால் டர்போவின் கம்ப்ரஸர் இறக்கைதான் அதை வாங்கியிருக்கும். பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள். டாங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் இறக்கிவிட்டு, கையேடு சொல்லும் ஆக்டேனில் புதிது ஊற்றுங்கள்.

கம்லூப்ஸ்: யமஹா மலிவாகக் கிடைக்கிறதே?

யமஹா 2023-இல் இந்தத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. வட அமெரிக்காவில் 2025 தான் கடைசி மாடல். நான்கு ஸ்ட்ரோக் டர்போ எஞ்சின் உறுதியானது, ஆனால் ஆழப் பனியில் கனம் தெரியும். திரும்ப விற்கும் யோசனை இருந்தால் வாங்காதீர்கள்.

சர்ரே: கையில் 1,500 டாலர் இருக்கிறது. எஞ்சின் டியூன் (வலுவைக் கூட்ட எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றுவது), சைலன்சர் மாற்றலாமா?

வேண்டாம். ஆலையிலேயே பொருத்திய டர்போவில் அதைத் தொட்டால் எஞ்சின் சூடும் ஏறும், வாரண்டி தகராறும் வரும். பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் டிரான்சீவர் (சிக்னல் கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீள் கம்பி), மண்வெட்டி இல்லையென்றால் பணம் முதலில் அங்கே போகட்டும். பனிச்சரிவில் புதைந்தவரை எடுக்கக் கொஞ்ச நிமிடங்கள்தான் கிடைக்கும்.

வண்டிக்கு என்றால் முதலில் ஐஸ் ஸ்கிராட்சர் (ஐஸைக் கீறிப் பனித்தூளைத் தெறிக்கவைக்கும் கம்பி). டன்னலுக்குள் (டிராக்குக்கு மேலே உள்ள உலோகக் கூடு) இருக்கும் கூலர் மேல் பனி தெறித்தால்தான் எஞ்சின் குளிரும். இறுகி ஐஸாகிப்போன மரம் ஏற்றும் ரோட்டில் ஒருநாள் எனக்குச் சூட்டு விளக்கு எரிந்தது. இறங்கி ஓரத்துப் பனியைக் கையால் அள்ளி டன்னல் மேல் போட்டுக்கொண்டே மலையடிவாரம் வந்து சேர்ந்தேன். அடுத்த வாரமே ஸ்கிராட்சர் போட்டேன். இரண்டாவது, உங்கள் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங். மூன்றாவது, பெல்ட் பக்கம் காற்றோட்டம் தரும் வென்ட்.

அதே நண்பர்: பெல்ட் அடிக்கடி அறும் என்கிறார்களே?

எஞ்சின் வலுவை டிராக்குக்குக் கடத்துவது ரப்பர் பெல்ட். டர்போவின் இழுவையை முதலில் வாங்குவது அதுதான். புது பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, முதல் 50 கிலோமீட்டர் அழுத்தாமல் ஓட்டுங்கள். ஒரு ஸ்பேர் எப்போதும் கூடவே இருக்கட்டும், மாற்றும் கைப்பழக்கத்தை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். அறுந்தால் கிளட்சைச் சுற்றியிருக்கும் நூலையெல்லாம் ஒன்றுவிடாமல் பிடுங்குங்கள். ஷாஃப்ட்டில் சுற்றிய ஒரு இழை மிஞ்சினாலும் கசிவைத் தடுக்கும் சீல் போய்விடும்.