கேரவனின் பின்னால் வருவதைப் பதிவு செய்ய எந்தக் கேமரா?

கேள்வி: மெல்பர்னில் வசிக்கிறோம். எங்கள் பிராடோ காரில் முன்னும் பின்னும் டேஷ் கேம் (பயணத்தைப் பதிவு செய்யும் கேமரா) இருக்கிறது. 20 அடி கேரவனை, அதாவது சக்கர வீட்டை, இழுத்துக்கொண்டு அடிலெய்டு போகத் திட்டம். கேரவனை மாட்டியதும் பின் கேமராவில் அதன் முன்சுவர் மட்டும்தான் தெரிகிறது. கேமரா வயரை நீட்டி, கேரவனின் பின்புறத்தில் பொருத்தலாமா?

பதில்: வயரை நீட்ட வேண்டாம். கேரவனுக்குள் தனியாக இயங்கும் இன்னொரு டேஷ் கேம் வையுங்கள்.

டேஷ் கேமோடு வரும் பின் கேமரா வயர் காரின் நீளத்தை மனத்தில் வைத்துச் செய்தது. மின்சாரம், காட்சி இரண்டும் அந்த மெல்லிய வயரிலேயே போகின்றன. உங்கள் கார், இணைப்புத் தண்டு, கேரவன் எல்லாம் சேர்ந்தால் வளைவுகளோடு 15 மீட்டரை நெருங்கிவிடும். அவ்வளவு தூரத்தில் காட்சி விட்டுவிட்டு வரும், அல்லது வராமலே போகும். வயர்லெஸ் கேமராவுக்கு இடையில் உள்ள அலுமினியத் தகடு எதிரி.

காரின் பின் கேமராவைக் கழற்றிவிடாதீர்கள். சுவர்தானே தெரிகிறது என்று தோன்றும். ஆனால் கேரவன் எந்த நொடியில் ஆடத் தொடங்கியது, எந்தப் பக்கம் முதலில் இழுத்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

பெரும்பாலான தவறுகள் மின் இணைப்பில்தான் நடக்கின்றன. பின்பக்கம் ஓடும் ஏதோ ஒரு வயரில் கேமராவைச் சொருகிவிடுகிறார்கள். காரையும் கேரவனையும் இணைக்கும் ஆஸ்திரேலிய டிரெய்லர் பிளக்கில் 5ஆம் முள்ளின் (பின்) நீல வயர் மின் பிரேக்குக்கு உரியது. அதைத் தொடவே கூடாது. பிரேக் மிதிக்கும்போது மட்டும், அதுவும் துடிப்புகளாக வரும் மின்சாரம் அது. கேமராவும் ஓடாது, உயிர் காக்கும் சர்க்யூட்டும் கெடும். 7ஆம் முள்ளின் பழுப்பு வயர் டெயில் லைட்டுக்கானது. லைட் போடாத பகலில் கேமரா தூங்கிவிடும். 2 டன்னுக்கு மேற்பட்ட கேரவனில் பிரேக்அவே அமைப்புக்கென்று ஒரு சின்ன பேட்டரி இருந்தால், அதிலிருந்தும் எடுக்காதீர்கள். கேரவன் கழன்று ஓடினால் அதை நிறுத்துவதற்காக மட்டுமே அது இருக்கிறது.

சரியான இடம் கேரவனின் உள் பேட்டரி. 12 வோல்ட் பியூஸ் போர்டில் காலி இடம் பார்த்து 3 ஆம்பியர் பியூஸ், அடுத்து கதவருகே விளக்கோடு கூடிய ஒரு சுவிட்ச், அங்கிருந்து 1 சதுர மில்லிமீட்டர் வயர் பின்சுவர் வரை. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் கன்வெர்ட்டரைக் கேமராவுக்குப் பக்கத்தில் வையுங்கள். அதை பேட்டரி அருகில் வைத்து, 5 மீட்டர் யுஎஸ்பி வயர் இழுத்தால் வழியிலேயே அரை வோல்ட், சில வயர்களில் அதற்கும் மேல் குறையும். கேமரா ஓடும், அணையும், மறுபடி ஓடும். அதே குறைவு 12 வோல்ட் பக்கத்தில் ஏற்பட்டால் கன்வெர்ட்டர் சமாளித்துக்கொள்ளும். கேமரா 5 வாட் இழுத்தாலும் 10 மணி நேரத்துக்குச் சுமார் 4 ஆம்பியர் மணிதான். 100 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அது பாரமே இல்லை. கிளம்பும் முன் சுவிட்ச் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதைக் கொக்கி, சங்கிலி சோதனையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின் ஜன்னல் அக்ரிலிக்காக இருந்தால் ஒட்டும் இடத்தை சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக்கில் முடி போல விரிசல் விழலாம். மூடிய கேரவன் வெயிலில் அடுப்பாகும் என்பதால், லித்தியம் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டர் (வெப்பத்தைத் தாங்கும் மின்சேமிப்பான்) உள்ள கேமராவையே வாங்குங்கள். பின் ஜன்னலே இல்லாத கேரவனா? அப்படியானால் தண்ணீர் புகாத வெளிக்கேமராவை உயரத்தில் பொருத்தி, பதிவுப் பெட்டியைக் கேரவனுக்குள் வையுங்கள். மண் சாலையில் பின்சுவரை ஒட்டிக் காற்றழுத்தம் குறைந்து புழுதியை இழுக்கும். லென்ஸை ஒவ்வொரு நிறுத்தத்திலும் துடைக்க வேண்டியிருக்கும்.

கேமராவின் அதிர்வு சென்சார் உணர்திறனைக் கடைசிப் படிக்குக் குறைத்துவிடுங்கள். கேரவனின் பின்கோடி காரைவிட அதிகம் குதிக்கும். ஒவ்வொரு குலுக்கலையும் விபத்து என்று நினைத்துக் கேமரா அந்தக் கோப்பைப் பூட்டிவைக்கும். பூட்டிய கோப்புகள் கார்டை நிரப்பிவிட்டால் உண்மையான விபத்து பதிவாக இடம் இருக்காது. 1080பி பதிவு மணிக்கு ஏறக்குறைய 7 ஜிபி. 128 ஜிபி ஹை எண்டூரன்ஸ் கார்டு (தொடர்ந்து பதிவதற்கென்றே செய்த மெமரி கார்டு) இரண்டு நாள் ஓட்டத்துக்குத் தாங்கும்.

ஜிபிஎஸ் உள்ள கேமராவின் பதிவில் வேகமும் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். அது உங்களுக்கு எதிராகவும் பேசும். பின்னர் வேறு மாநிலங்களுக்குப் போவதானால், நியூ சவுத் வேல்ஸில் கார், கேரவன் இரண்டின் மொத்த எடை வரம்பு 4.5 டன்னைத் தாண்டினால் உச்ச வேகம் 100 கிலோமீட்டர். மேற்கு ஆஸ்திரேலியாவில் எதை இழுத்தாலும் 100தான்.

கடைசியாக, மூன்று கேமராக்களின் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியா விக்டோரியாவைவிட அரை மணி பின்தங்கியது. எல்லையில் ஒரு கேமராவை மட்டும் மாற்றினால் காட்சிகளை ஒப்பிடவே முடியாது. வீடு திரும்பும்வரை எல்லாம் மெல்பர்ன் நேரத்திலேயே ஓடட்டும்.