‘ஓமா’ என்று முடிந்தால் புற்றுநோயா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 41. அடிக்கடி வயிறு வலிக்கிறது என்று ஸ்கேன் எடுத்தோம். பித்தப்பையில் கல் இல்லை. ஆனால் கல்லீரலில் 1.6 செ.மீ. அளவுக்கு ஒரு ‘ஹைப்பர்எக்கோயிக்’ கட்டி, ‘ஹெமாஞ்சியோமா’வாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். ‘ஓமா’ என்று முடிந்தாலே கேன்சர்தான் என்கிறார் உடன் வேலை பார்க்கும் ஒருவர். தூக்கமே போய்விட்டது. இன்னொன்று, என் அப்பாவின் சீட்டில் ‘எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்’ என்று இருக்கிறது. “அவசியமான பிரஷர் என்றே போட்டிருக்கிறதே, பிறகு மாத்திரை எதற்கு?” என்று பத்து நாளாக நிறுத்திவிட்டார். என்ன செய்வது?

பதில்: உங்கள் கட்டியைவிட அப்பாவின் மாத்திரைதான் எனக்குக் கவலை தருகிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

இன்றே அவருக்குப் பிரஷர் பாருங்கள். அளவைக் குறித்துக்கொண்டு, மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போங்கள். சில பிரஷர் மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் பழைய அளவையும் தாண்டி ஏறும். நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி எதுவாவது தெரிந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

‘எசென்ஷியல்’ என்பதற்கு மருத்துவத்தில் ‘அவசியம்’ என்று பொருள் கிடையாது. வேறு நோயால் வராமல், தானாகவே வந்தது என்பதுதான் அர்த்தம். சிறுநீரகக் கோளாறாலோ ஹார்மோன் கோளாறாலோ வந்தால் அது வேறு வகை. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் உங்கள் அப்பாவின் வகைதான். இப்போது பலர் ‘பிரைமரி’ என்று எழுதுகிறார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும், குழப்பம் குறைவு.

ஆனால் அப்பாவைக் கேலி செய்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் பெரிய டாக்டர்களே அவரைப் போல நினைத்தார்கள். வயதானால் ரத்தக்குழாய் விறைக்கிறது, அதன் வழியே ரத்தத்தைத் தள்ள உடம்பே அழுத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது, அதில் கைவைக்கக் கூடாது என்பது 1930-களில் மதிப்புள்ள கருத்து. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186/108 இருந்தது. 1945 ஏப்ரல் 12 அன்று 300/190-க்கு ஏறி, மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனார். இன்று நாம் சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் மாத்திரை எதுவும் அவருடைய டாக்டர்கள் கையில் இல்லை. சிறுநீரைக் கூட்டிப் பிரஷரைக் குறைக்கும் குளோரோதையசைடு என்ற நீர் மாத்திரை விற்பனைக்கு வந்ததே 1958-ல்தான். உங்கள் அப்பாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, மாத்திரை வீட்டிலேயே இருக்கிறது.

சரி, இப்போது உங்கள் ரிப்போர்ட். ‘ஹெமாஞ்சியோமா’ என்ற பெயரைப் பிரித்துப் பார்ப்போம். ‘ஹைமா’ என்றால் கிரேக்கத்தில் ரத்தம், ‘ஆங்கெயோன்’ என்றால் குழாய். ‘ஓமா’ என்பது வீக்கம் அல்லது கட்டி என்று மட்டும்தான் சொல்லும். நல்லதா கெட்டதா என்று சொல்லாது. தோலுக்கடியில் உருளும் கொழுப்புக் கட்டி லைப்போமா. அடிபட்டு ரத்தம் கட்டினால் ஹெமட்டோமா. கண்ணழுத்த நோயான கிளாக்கோமாவில் கட்டியே கிடையாது. கார்சினோமா என்றால் புற்றுநோய். அதில் இருக்கும் ‘கார்கினோஸ்’ நண்டைக் குறிக்கும் சொல், ஹிப்போகிராட்டஸ் காலத்திலிருந்து வருவது. ஆனால் இதை வைத்து நீங்களே முடிவு கட்டிவிடவும் முடியாது. மெலனோமா, லிம்போமா இரண்டிலும் நண்டு இல்லை, இரண்டும் புற்றுநோய்தான். அதனால் பெயரின் வாலைப் பிடித்துக்கொண்டு யாரும் நோய் சொல்ல முடியாது, உங்கள் நண்பர் உட்பட.

உங்களுடையது ரத்தக்குழாய்கள் சுருண்டு திரண்ட ஒரு முடிச்சு. கல்லீரலில் வரும் சாதுவான கட்டிகளில் இதுதான் மிகச் சாதாரணம், பெண்களிடம் கூடுதலாகக் காண்கிறோம். புற்றுநோயாக மாறாது. ‘ஹைப்பர்எக்கோயிக்’ என்றால் ஒலி அலையை அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது, படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஓரம் தெளிவாக இருக்கும் சின்ன வெள்ளை உருண்டை என்றால் பெரும்பாலும் ஹெமாஞ்சியோமாவே.

‘இருக்கலாம்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி, கல்லீரல் சுருக்கம், அல்லது முன்பு எங்காவது புற்றுநோய் இருந்திருந்தால், மருந்து செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதி செய்ய வேண்டும். அப்படி எதுவும் இல்லை, படமும் தெளிவு என்றால் சிகிச்சையே வேண்டாம். சில டாக்டர்கள் ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன் கேட்பார்கள், எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கசியும் என்பதால் ஊசி போட்டுச் சதை எடுக்கும் சோதனையைப் பொதுவாகத் தவிர்ப்போம்.

அப்புறம், நீங்கள் ஸ்கேனுக்குப் போனதே வயிற்றுவலிக்காக. 1.6 செ.மீ. கட்டி வலிக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆக, வலிக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை. சாப்பிட்ட பிறகு வருகிறதா, வெறும் வயிற்றிலா, மலம் கழித்தால் குறைகிறதா, எடை குறைந்திருக்கிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் அந்த வலியைப் பற்றிப் பேசுங்கள்.