டாலஸ் லியேசான் வேலை: மைல் கணக்கையும் பாருங்கள்
மருந்து விற்பனையை விட்டு, டாலஸ் மருத்துவமனையில் ஆண்டுக்கு 68,000 டாலருக்கு ஃபிசிஷியன் லியேசானாக (வெளி மருத்துவர்களை நேரில் சந்தித்து, அவர்கள் நோயாளிகளை மருத்துவமனைக்கு அனுப்பத் தொடர்பு ஏற்படுத்துபவராக) சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். சேரலாம். இந்தப் பதவிக்கு அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையில் தனிக் கணக்கு கிடையாது. அருகில் வரும் மக்கள் தொடர்பு அலுவலர்களின் 2023 ஆண்டுச் சம்பளத்தின் நடுமதிப்பு (பாதிப்பேர் இதற்கு மேல், பாதிப்பேர் கீழ்) 66,750 டாலர். 2023 முதல் 2033 வரை அந்தத் துறை கணித்த வேலை வளர்ச்சி 6 சதவீதம். மருத்துவ நிர்வாக மேலாளர்களுக்கோ 110,680 டாலர், 29 சதவீதம். எனவே மேலாளராக உயர வழி உண்டா என்று இப்போதே கேளுங்கள்.

பலர் கோட்டைவிடுவது கார் செலவில். சொந்தக் காரில் ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டினால், ஐஆர்எஸ் எனும் அமெரிக்க வரித்துறையின் 2025 விகிதப்படி, மைலுக்கு 70 சென்ட் வீதம், 10,500 டாலர் ஆகிறது. மருத்துவமனை தருவது மாதம் 300 டாலர் கார் படிதான் என்றால் ஆண்டுக்கு 6,900 டாலர் உங்கள் தலையில். மைல் கணக்குக் காட்டாமல் வாங்கும் கார் படிக்கு வரியும் உண்டு. போனஸ் புதிய நோயாளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றால், அவர்களை யார், எந்தத் தரவிலிருந்து எண்ணுவார்கள் என்பதைக் கண்டிப்பாக எழுத்தில் வாங்குங்கள்.